ஐந்து வண்டிக்கும் ஒரே வாளி ஆயிலா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தேவகோட்டையில் வீடும் கடையும். வண்டிகள் ஐந்து: வாங்கி இரண்டு வருடமான டர்போ பெட்ரோல் கார், கடைச் சரக்கு ஏற்றும் பி.எஸ்.-6 (புதிய புகை விதிமுறைப்படி வந்த) டீசல் பிக்கப், அப்பாவின் ஸ்பிளெண்டர், அம்மாவின் ஆக்டிவா, பள்ளத்தூர் பெரிய வீட்டு ஷெட்டில் நிற்கும் ஐயா காலத்து பெட்ரோல் அம்பாசிடர். உங்கள் மெக்கானிக், "நம்ம ஊரு வெயிலுக்கு 20டபிள்யூ-40தான் தாங்கும். புதுக் காருக்கு எழுதியிருக்கிற 0டபிள்யூ-20 வெறும் தண்ணி. 20 லிட்டர் வாளி ஒன்னு எடுத்தா அஞ்சுக்கும் ஆச்சு" என்கிறார். காரோடு கொடுத்த புத்தகம் வேறு சொல்கிறது. யார் சொல்வதைக் கேட்பது, டப்பாவில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம், சிந்தெடிக்குக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே வாளி வேண்டாம். டர்போ காரிலும் பிக்கப்பிலும் அதை ஊற்றினால் பின்னால் பெரிய செலவு வைக்கும். ஸ்பிளெண்டருக்கும் ஆக்டிவாவுக்கும் அது பொருந்தாத ஆயில். உடனே தெரியாது, மெல்லத் தெரியும். அம்பாசிடருக்கு மட்டும் அவர் சொன்னது அப்படியே சரி. அவர் கை பழகியது அந்தக் காலத்து இன்ஜின்களில். அவற்றைப் பற்றி அவர் சொன்னால் நானும் கேட்டுக்கொள்வேன். இடிக்கிற இடம், "வெயில் அதிகம், அதனால் கெட்டி ஆயில்" என்கிற கணக்குதான்.

முதலில் டப்பாவில் பெரிதாக இருக்கும் எண். 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்பதெல்லாம் எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த கெட்டித்தன்மை எண். 1911-இல் தொடங்கிய வகைப்பாடு. இன்று நடப்பில் இருக்கும் ஆவணத்துக்கு ஜே300 என்று பெயர். இந்த எண் ஆயிலின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது, எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் சொல்லும். அருமையான ஆயிலும் 20டபிள்யூ-40ஆக இருக்கலாம், மட்டமானதும் 20டபிள்யூ-40ஆக இருக்கலாம்.

டபிள்யூவோடு வரும் முன் எண் குளிருக்கு உரியது. கடுங்குளிரில் ஸ்டார்ட்டர் மோட்டாரால் இன்ஜினைச் சுற்ற முடிகிறதா, பம்ப் ஆயிலை இழுக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. சுற்றும் சோதனையை 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-லும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-லும், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35-லும் செய்கிறார்கள். நமக்கு மார்கழி விடியற்காலையில் கோலம் போடும் நேரத்தில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். அதனால் அந்தச் சோதனை நேரடியாக நமக்கானது இல்லை. ஆனாலும் முன் எண் சிறியதாக இருந்தால், காலையில் சாவி போட்டவுடன் ஆயில் இன்ஜினின் மேல் பாகம் வரை கொஞ்சம் சீக்கிரம் ஏறும். தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்தத் தொடக்க நேரத்தில் நடப்பதுதான்.

பின் எண்தான் ஓடும் இன்ஜினுக்கு. 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை சென்டிஸ்டோக் என்ற அலகில் அளக்கிறார்கள். 6.9 முதல் 9.3-க்குள் இருந்தால் 20, 9.3 முதல் 12.5-க்குள் 30, 12.5 முதல் 16.3-க்குள் 40, 16.3 முதல் 21.9-க்குள் 50. அவ்வளவுதான் இந்த எண்ணின் ரகசியம்.

இனி அந்தத் "தண்ணி" விவகாரம். டப்பாவைத் திறந்து விரலில் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் தொட்டுப் பார்ப்பது ஆறிய ஆயிலை. கணக்கைப் பாருங்கள். சித்திரை வெயிலில், 40 டிகிரியில், நிற்கும் காரின் சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியில்) இருக்கும் 0டபிள்யூ-20 ஆயிலின் கெட்டித்தன்மை சுமார் 45 சென்டிஸ்டோக். அதே நேரத்தில் ராஜபாட்டையாக ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர் இன்ஜினுக்குள் 100 டிகிரியில் இருக்கும் 20டபிள்யூ-40-இன் கெட்டித்தன்மை சுமார் 14. கையில் தண்ணியாகத் தெரிவது, இன்ஜினுக்குள் "தாங்கும்" என்று நம்பப்படும் ஆயிலைவிட மூன்று மடங்கு கெட்டி! நம் ஊர்க் கத்திரி வெயில் அந்த ஆயிலை ஒன்றும் செய்துவிடவில்லை. ஆயிலை இளக்குவது இன்ஜினின் சூடு.

அந்தச் சூடு ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. தண்ணீரில் குளிரும் காரில் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. ஊட்டியிலும் சரி, உங்கள் ஊரிலும் சரி, அது கூலன்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் நீரை) ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைக்கும். ஆயில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக 100, 110 என்று ஓடும். காற்றில் குளிரும் பைக்குக்கு அந்த வசதி கிடையாது. வெயில் ஏறினால் இன்ஜின் சூடும் ஏறும், டிராஃபிக்கில் நின்றால் இன்னும் ஏறும். "வெயிலுக்குக் கெட்டி ஆயில்" என்ற பேச்சில் உண்மை இருப்பது அங்கே. என்ஃபீல்டு புல்லட்டுக்கு 15டபிள்யூ-50 என்று கம்பெனியே சொல்வது சும்மா இல்லை.

சரி, கெட்டியாகப் போட்டால் கூடுதல் பாதுகாப்புத்தானே, கெடுதல் என்ன? புது இன்ஜின்களில் பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே விடும் இடைவெளி குறைவு, ஆயில் போகும் துளைகளும் சிறிசு. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. கெட்டி ஆயில் போட்டால் அது கட்டளை கேட்டு மெதுவாக நகரும்; சில வண்டிகளில் டேஷ்போர்டில் விளக்கே எரியும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டர்போவின் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறியின்) சின்னத் தண்டுக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும். இதோடு மைலேஜும் இறங்கும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனிகள் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று இறங்கி வந்ததற்கு முதல் காரணம் உங்கள் இன்ஜின் மேல் இருக்கும் பாசம் அல்ல. அரசுகள் விதித்த மைலேஜ், புகை விதிமுறைகள். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும்போது ஆயில் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று ஜே300-இல் ஒரு சோதனை உண்டு. 20 ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 ஆயிலுக்கு 2.9, 15டபிள்யூ-40-க்கும் 20டபிள்யூ-40-க்கும் 3.7 என்று அளவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடியில் கெட்டி ஆயிலின் படலம் தடிமன் என்பது உண்மைதான். ஆனால் 20-க்கென்று வடிவமைத்த இன்ஜினில் பேரிங்கின் அகலம், மேற்பூச்சு, பம்ப்பின் அளவு எல்லாவற்றையும் அதற்கேற்பவே செய்திருக்கிறார்கள். ஆகவே என் அபிப்பிராயம் இது: புத்தகத்தில் ஒரே ஒரு எண் இருந்தால் அதையே போடுங்கள். "0டபிள்யூ-20 சிறந்தது, 5டபிள்யூ-30-உம் போடலாம்" என்று இரண்டு மூன்று எண்கள் கொடுத்திருந்தால், வண்டி லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஆயில் குடிக்கத் தொடங்கிய பிறகு, கொடுத்திருப்பதிலேயே கெட்டியானதற்குப் போகலாம். புத்தகத்துக்கு வெளியே போக வேண்டிய தேவை செட்டிநாட்டு வெயிலில் இல்லை.

எண்ணைவிட முக்கியம் என்று நான் நினைப்பது டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை. கடையில் யாரும் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

ஏ.பி.ஐ. என்பது அமெரிக்க பெட்ரோலியக் கழகம். அது கொடுக்கும் தரம் இரண்டு எழுத்தில் வரும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. பெட்ரோலில் இரண்டாவது எழுத்து அகர வரிசையில் முன்னேற முன்னேற புதிய தரம்: எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என்., பிறகு 2020 மே மாதத்தில் வந்த எஸ்.பி. (SP), 2025-இல் வந்த எஸ்.க்யூ. புதியது பழையதற்கு ஈடு கொடுக்கும். எஸ்.என். கேட்கும் வண்டிக்கு எஸ்.பி. தாராளமாகப் போடலாம், தலைகீழாகச் செய்யக் கூடாது. எஸ்.ஏ. முதல் எஸ்.எச். வரை எல்லாம் காலாவதி என்று ஏ.பி.ஐ.யே அறிவித்துவிட்டது. எஸ்.எஃப். என்பது 1988-க்குப் பிறகு செய்த பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஏற்றதல்ல என்று அவர்களுடைய பட்டியலிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் பழைய எழுத்து போட்ட டப்பாக்கள் கடை அலமாரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். விலை குறைவாக இருந்தால் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள்.

உங்கள் டர்போ காருக்கு இந்த எழுத்து ஏன் உயிர்நாடி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்ன டர்போ இன்ஜின்களில், முக்கியமாக பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகையில், ஒரு விசித்திரமான நோய் வந்தது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது (குறைந்த ஆர்.பி.எம்.மில்), மேலான கியரில், ஆக்சிலேட்டரை ஆழமாக மிதிக்கிறீர்கள். குன்றக்குடிப் பக்கம் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, கியரைக் குறைக்காமலே முந்துவது மாதிரி. அப்போது ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். மோசமாக நடந்தால் பிஸ்டனின் விளிம்பு உடையும், ரிங் நொறுங்கும். ஆராய்ந்து பார்த்தபோது சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில்-பெட்ரோல் துளிக்கும், ஆயிலில் அழுக்கைக் கழுவ சேர்க்கும் கால்சியம் உப்புக்கும் அதில் பங்கு இருப்பது தெரிந்தது. அதனால் கால்சியத்தில் ஒரு பகுதியைக் குறைத்து மெக்னீசியம் உப்பைச் சேர்க்கும் ஆயில்கள் வந்தன. 2018-இல் எஸ்.என். பிளஸ், 2020-இல் எஸ்.பி. என்று தரம் வகுத்ததில் இந்த நோய்க்கான சோதனை உள்ளே வந்தது, எஸ்.பி.யில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் ஒரு சோதனை சேர்த்தார்கள். மெக்கானிக்கின் வாளியில் டீசலுக்கென்று நிறைய கால்சியம் போட்ட ஆயில் இருக்க வாய்ப்பு அதிகம். அதை இந்தக் காரில் ஊற்றுவது தேடிப்போய் வினையை வாங்குவது. புத்தகத்தில் சொன்ன எண்ணில், எஸ்.பி. அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். முந்தும்போது ஒரு கியர் குறைத்துக்கொள்வதும் ஆயிலுக்கு நிகரான வைத்தியம்.

இந்த டர்போ கார் ஐரோப்பியக் கம்பெனியுடையது என்றால் இன்னொரு வரியும் பார்க்க வேண்டும். அவர்கள் ஏ.பி.ஐ.யோடு நிற்பதில்லை. வோல்க்ஸ்வேகன் 502 00, மெர்சிடிஸ் 229.51 என்பது மாதிரி தங்களுக்கென்று எண் வைத்திருக்கிறார்கள். டப்பாவில் அந்த எண்ணுக்கு "அப்ரூவ்டு" என்று இருப்பதும், "மீட்ஸ்" என்றோ "ஏற்றது" என்றோ இருப்பதும் ஒன்றல்ல. முதலாவது, கார் கம்பெனி சோதித்து எழுத்தில் அனுமதி கொடுத்தது. இரண்டாவது, ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வாரண்டி இருக்கும் வரை முதல் வகையையே வாங்குங்கள்.

டீசல் பிக்கப்புக்கு வருவோம். ஐந்தில் அதிகம் கவனிக்க வேண்டியது அதுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 வந்தது. அதோடு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரிப்புகை வடிகட்டி வந்தது. சல்லடை போன்ற பீங்கான் கட்டை. கரியைப் பிடித்து வைத்து, சேர்ந்ததும் தானே எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் முதலிய உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து சாம்பலாகி அந்தச் சல்லடையில் அடைந்து நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். ஏ.பி.ஐ.யில் 2006-இல் வந்த சி.ஜே.-4, 2016 டிசம்பரில் வந்த சி.கே.-4 இரண்டிலும் சாம்பல் அளவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் தரத்தில் சி2, சி3 போன்ற சி வரிசை இதற்கானது. அதில் உச்சவரம்பு 0.8 சதவீதம். ஏ3/பி4 என்ற தரமோ 1.6 சதவீதம் வரை அனுமதிக்கும். சி2, சி3 என்பதை ஏ.பி.ஐ.யின் சி வரிசையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

சி.எஃப்.-4 என்பது 1990-இல் வந்த தரம். டிராக்டருக்கும் பழைய லாரிக்கும் விற்கும் வாளிகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். 2002-இல் வந்த சி.ஐ.-4, அதற்கடுத்த சி.ஐ.-4 பிளஸ் இரண்டும் நல்ல ஆயில்கள்தான், வடிகட்டி இல்லாத வண்டிக்கு. டி.பி.எஃப். உள்ள பிக்கப்பில் போட்டால் ஆயில் மாற்றியதில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு, பிறகு வடிகட்டி மாற்ற ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டி வரும். சி.கே.-4 வந்த அதே நாளில் எஃப்.ஏ.-4 என்று ஒன்றும் வந்தது. அது சில புதிய வெளிநாட்டு லாரி இன்ஜின்களுக்கான மெல்லிய ஆயில், பழையதற்கு ஈடாகாது. உங்களுக்கு வேண்டாம்.

இந்த பிக்கப்பில் ஆயில் வாங்குவதோடு வேலை முடியாது. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். பாதியில் வண்டியை அணைத்துவிட்டால் அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். தேவகோட்டைக்குள்ளேயே கடைக்கும் குடோனுக்கும் ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி நடக்கும். கேஜ் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பயப்படுவோம். இதில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால்தான் பயப்பட வேண்டும், டீசல் வாசமும் வரும். ஏறியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். வாரம் ஒரு தடவை காரைக்குடி தாண்டி திருச்சி ரோட்டில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் கரி முழுக்க எரிந்துவிடும். திருச்சிச் சரக்குக்கு இந்த வண்டியையே அனுப்புங்கள்.

பைக்குக்குத் தனி எழுத்து உண்டு: ஜாசோ. ஜப்பானியர் 1998-இல் கொண்டுவந்த தரம். ஸ்பிளெண்டரில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் ஆயிலில், முக்கியமாக 30-உம் அதற்குக் கீழான மெல்லியதிலும், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். காருக்கு அது மைலேஜ், கிளட்ச் தட்டுக்கு அது வழுக்கல். ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி போகாது. அதனால் பைக் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்க வேண்டும். ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30, எம்.ஏ. போதும். வாளி 20டபிள்யூ-40 டீசல் ஆயிலில் வழுக்கும் மருந்து இல்லாமல் இருக்கலாம், உடனே கிளட்ச் போய்விடாது. ஆனால் ஜாசோ எழுத்து இல்லாததை நம்பி ஊற்ற என்ன அவசியம்? ஒரு லிட்டர் கூடப் பிடிக்காத வண்டி.

ஆக்டிவாவின் கதை வேறு. அதில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, பெல்ட்டோடு வெளியே உலர்ந்து இருக்கிறது. அதனால் ஸ்கூட்டருக்கு எம்.பி. (MB) என்ற வழுக்கும் வகை. ஸ்பிளெண்டர் ஆயிலை ஆக்டிவாவில் போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, மைலேஜ் துளி குறையலாம். ஆக்டிவா ஆயிலை மட்டும் ஸ்பிளெண்டரில் போட்டுவிடாதீர்கள். இரண்டு டப்பாவிலும் 10டபிள்யூ-30 என்றே இருக்கும், பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள், கடைப் பையன் எதையாவது எடுத்துக் கொடுப்பான். பின்பக்கம் திருப்பி எம்.ஏ.வா, எம்.பி.யா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது அம்பாசிடர். எனக்குப் பிடித்த பேச்சு, கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐயா காலத்து 1489 சி.சி. பெட்ரோல் என்றால் அது பிரிட்டிஷ் பி.எம்.சி. கம்பெனியின் இன்ஜின். வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட் கீழே இருக்கும். அதன் மேல் தட்டையான டேப்பட் (அந்த அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு) உரசிக்கொண்டே மேலே ஏறி இறங்கும். இன்றைய பல இன்ஜின்களில் அந்த இடத்தில் ரோலர் உருளும். இதில் உலோகத்தின் மேல் உலோகம் வழுக்குகிறது. அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் சேர்க்கும் துத்தநாக-பாஸ்பரஸ் மருந்து. பாஸ்பரஸ் புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், எஸ்.எம். தரம் முதல் 30-உம் அதற்கும் மெல்லியதுமான ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். கன்வெர்ட்டரே இல்லாத அம்பாசிடருக்கு அந்தச் சிக்கனத்தால் நஷ்டம்தான். 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 ஆயில்களுக்கு அந்த வரம்பு கிடையாது. எஸ்.எல்.லும் சி.ஐ.-4-உம் சேர்த்துப் போட்ட 20டபிள்யூ-40 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உங்கள் மெக்கானிக்கின் வாளிக்கு இங்கே இடம் உண்டு.

எச்சரிக்கை ஒன்று. பல வருடம் பழைய ஆயிலிலேயே நின்ற இன்ஜினின் அடியில் கறுப்பு வண்டல் கட்டியிருக்கும். கழுவும் சக்தி அதிகமுள்ள புது ஆயிலை ஊற்றினால் அது பெயர்ந்து பம்ப் சல்லடையை அடைக்கலாம். சம்ப்பைக் கழற்றித் துடைத்துவிட்டு ஊற்றுவது உத்தமம். முடியாவிட்டால் முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள்.

ஷெட்டில் நிற்கும் வண்டிகளுக்கு நம் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரம் ஒருமுறை சாவி போட்டு ஐந்து நிமிடம் உறும விட்டு அணைத்துவிடுவார். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன் போட்டு, "வண்டியை ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று விசாரிப்பார்கள். நல்ல மனதோடு செய்யும் கெடுதல் அது. ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. எரிவதால் உண்டாகும் ஈரமும் பாதி எரிந்த பெட்ரோலும் ஆயிலில் இறங்கித் தங்கிவிடும், பிறகு அமிலமாகி பேரிங்கை அரிக்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அடியில் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஈரம்தான். ஸ்டார்ட் செய்தால் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வரை போய்த் திரும்ப வேண்டும். முடியாது என்றால் ஸ்டார்ட் செய்யாமலே விடலாம். கல்யாணமோ கோயில் திருவிழாவோ முடிந்து மறுபடி நிறுத்தும்போது, நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள். எல்லாரும் வெளியே எடுக்கும்போது மாற்றுகிறார்கள். அதற்குள் அமிலம் மாதக்கணக்கில் உள்ளே வேலை பார்த்திருக்கும். வருடம் ஒருமுறை கட்டாயம், ஓடியது நூறு கிலோமீட்டரே ஆனாலும்.

சிந்தெடிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணத்துக்கேற்ற பணியாரம் என்பது இதில் பாதிதான் உண்மை. அடிப்படை எண்ணெயை ஏ.பி.ஐ. ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து மேலும் மேலும் சுத்தம் செய்தவை, நான்காவது ஆலையில் மூலக்கூறைக் கோத்துச் செய்த பி.ஏ.ஓ., மற்றதெல்லாம் ஐந்தாவது. நான்கும் ஐந்தும்தான் சிந்தெடிக் என்று இருந்த காலத்தில், மூன்றாம் குழுவை அப்படி விற்கலாமா என்று அமெரிக்காவில் மோபிலுக்கும் கேஸ்ட்ராலுக்கும் தகராறு வந்தது. 1999-இல் அங்குள்ள விளம்பர நடுவர் குழு, விற்கலாம் என்றது. அன்று முதல் "ஃபுல்லி சிந்தெடிக்" என்பது விளம்பரச் சொல் ஆகிவிட்டது. எத்தனை சதவீதம் கலந்தால் "செமி சிந்தெடிக்" என்பதற்கு எஸ்.ஏ.இ.யிலோ ஏ.பி.ஐ.யிலோ அளவு கிடையாது. ஆகவே அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள், எண்ணுக்கும் எழுத்துக்கும் கொடுங்கள். 0டபிள்யூ-20 கச்சா எண்ணெயிலிருந்து சாதாரணமாகச் சுத்தம் செய்த மினரல் எண்ணெயில் செய்யவே வராது. அந்த எண்ணை வாங்கினாலே சிந்தெடிக் வகைதான். ஸ்பிளெண்டருக்கும் அம்பாசிடருக்கும் மினரல் போதும். டர்போ சூட்டில் கருகாமல் இருக்க உங்கள் காருக்கு மட்டும் அந்தச் செலவு நியாயம்.

சர்வோ, மேக், ஹெச்.பி., கேஸ்ட்ரால், ஷெல், கல்ஃப் எதுவானாலும் எண்ணும் எழுத்தும் ஒன்றானால் நான் பேதம் பார்ப்பதில்லை. வழியில் ஆயில் குறைந்து விளக்கு எரிந்தால் கிடைக்கும் எந்த இன்ஜின் ஆயிலையும் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். பிராண்டு மாறினால் திரிந்துபோகும் என்பது கட்டுக்கதை. பி.எஸ்.-6 டீசலில் அப்படி ஊற்றியிருந்தால் வந்தவுடன் மாற்றிவிடுங்கள். போலிக்குத்தான் பயப்பட வேண்டும். காலி டப்பாவை முழுசாகப் பழைய சாமான்காரரிடம் போட்டால் அது மறுபடி நிரம்பி வரலாம். ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள்.

வடித்த கறுப்பு ஆயிலைக் கரையானுக்கென்று உத்தரத்திலும் கதவு நிலையிலும் பூசும் வழக்கம் உங்கள் பக்கமும் இருக்கும். பர்மா தேக்குக்கு அது தேவையில்லை. கையில் படும் இடத்தில் அது நஞ்சும்கூட. 2016-இன் விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. ஊருணிப் பக்கமோ சாக்கடையிலோ கொட்டாமல் பழைய டப்பாவிலேயே பிடித்து, சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

பிக்கப்பின் புத்தகத்தில் ஆயில் பக்கத்தைப் பார்த்து அங்கே ஏ.பி.ஐ., ஏ.சி.இ.ஏ. என்று என்ன போட்டிருக்கிறது, டி.பி.எஃப். விளக்கின் படம் இருக்கிறதா என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்த டப்பா என்று சொல்கிறேன். அதுவரை அந்த வண்டிக்கு மட்டும் எதையும் வாங்க வேண்டாம்.